வெள்ளிக்கிழமை இரவு எந்த நாள்?
காவின் புத்தகமும் அரசாங்கப் பதிவும்

எங்கள் உம்மம்மாவின் கல்யாணத்துக்கு இப்போது மூன்று திகதிகள் இருக்கின்றன. அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு திகதியும் இருக்கவில்லை. கேட்டால், "காவின் கச்சான் காத்துக்க, கல்யாணம் பெருநாளைக்குப் பொறகு" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தேவைப்படவில்லை, எங்களுக்கும் தேவைப்படவில்லை.

தேவை வந்தது அயர்லாந்திலிருந்து. பெரியும்மாவின் மகன் அங்கே வைத்தியசாலையொன்றில் வேலை செய்கிறான். அந்நாட்டவர்களுக்குப் பரம்பரை தேடுவதில் பெரும் பைத்தியம். கூட வேலை செய்யும் ஒருவர் ஏழு தலைமுறையைக் கணினியில் வரைந்து காட்டியதைப் பார்த்து இவனுக்கும் ஆசை பிறந்தது. பொத்துவிலில் இருக்கும் என்னிடம் கடிதங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் தேடி அனுப்பச் சொன்னான். நான் தமிழ் படிப்பிக்கிறவள், சரித்திரம் எனக்குத் தொழில் அல்ல. ஆனாலும் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்குமாக இரண்டு நடை நடந்து, உம்மம்மாவின் விவாகப் பதிவின் பிரதியை எடுத்து அனுப்பினேன். பிறகு ஒரு மாதம் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

கடைசியில் ஓர் இரவு தொலைபேசியில் வந்தான். "ராத்தா, இத உம்மாட்டச் சொல்ல வேணாம்" என்றான்.

பதிவில் இருந்த விவாகத் திகதி 1948 மார்ச் 11. அவனுடைய உம்மா, அதாவது எங்கள் பெரியும்மா, பிறந்தது 1948 மே 20. இடையில் பத்துக் கிழமை. கணக்குத் தெரிந்த எவருக்கும் அது என்ன சொல்கிறது என்று விளங்கும். பெரியும்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஐந்து வேளை தொழுகையும் தஸ்பீஹுமாக இருக்கும் மனுசி. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் அந்தக் கணினி மரத்தில் அது நிரந்தரமாக நிற்கும். நாளைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அந்தத் திகதியை நம்புவதா இல்லையா என்று பார்க்கத்தான் இந்தத் தேடல் தொடங்கியது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கை முஸ்லிம்களின் விவாகம் பற்றி ஆங்கிலேயர் எழுதிவைத்த முதல் சட்டத் தொகுப்பு 1806 ஓகஸ்ட் 5 இல் வந்தது. அது முதலில் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது, 1852 இல்தான் மற்றப் பகுதிகளுக்கும் விரிந்தது. விவாகத்தைப் பதிவதற்கென்று தனிக் கட்டளைச் சட்டம் 1886 இல் வந்தது. பிறகு 1929 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதுவும் 1937 இல்தான் நடைமுறைக்கு வந்தது, காதி நீதிமன்ற முறையையும் அதுவே கொண்டுவந்தது. இன்று நம்மை ஆளும் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1954 ஓகஸ்ட் 1 முதல் அமுலில் உள்ளது.

அந்த 1951 சட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உள்ளன. 17 ஆம் பிரிவு, நிக்காஹ் முடிந்த உடனேயே பதிய வேண்டும் என்கிறது. மணமகன், மணமகளின் வலீ, நிக்காஹை நடத்தியவர் ஆகிய மூவர் தலையிலும் அந்தப் பொறுப்பைச் சுமத்துகிறது. அதற்கு முந்திய 16 ஆம் பிரிவோ, பதிந்தார்கள் என்பதற்காக மட்டும் செல்லாத விவாகம் செல்லுபடியாகாது, பதியவில்லை என்பதற்காக மட்டும் செல்லும் விவாகம் செல்லாமல் போகாது என்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபின்படி நிக்காஹின் ருக்னுகள் ஐந்து: மணமகன், மணமகள், வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல் வார்த்தை. எழுத்து அதில் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282 ஆம் வசனத்தை நாமெல்லாம் ஓதியிருக்கிறோம். ஆனால் நிக்காஹ் எழுதாமலே நிறைவேறிவிடும்.

ஆகவே நமது சமூகத்தில் நிக்காஹ் ஒரு நாளில் நடக்கலாம், பதிவு இன்னொரு நாளில் நடக்கலாம். இரண்டும் ஒரே நாளில் நடப்பது நல்ல வழக்கம். ஆனால் பழைய காலத்தில் அந்த வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கவில்லை.

கிழக்கிலே இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் காவின் வேறு, கல்யாணம் வேறு. பாரசீகத்தில் 'காபீன்' என்றால் மஹர். மலாய்க்காரர் கல்யாணத்தை 'கஹ்வின்' என்பர். நமது காவினும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். வலீ கையைப் பிடித்துக் கொடுத்து, மஹர் பேசி, சாட்சி வைத்து எழுதுவது காவின். பெண்ணுக்கு வீடு கட்டி முடிந்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துவரும் நாள் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் ஊர்களில் வீடு முடியாமல் கல்யாணம் ஏது? இரண்டுக்கும் இடையே மாதக் கணக்கிலும் போகும். மார்க்கப்படி அவர்கள் காவின் அன்றே கணவன் மனைவி. ஆனால் ஊர் கல்யாணத்தைத்தான் கொண்டாடும், ஊர் ஞாபகத்தில் நிற்பதும் அந்த நாள்தான். "உங்கட கல்யாணம் எப்ப?" என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலைக் காவின் திகதி என்று எழுதிவைத்தால் பிழைத்துவிடும்.

இதை நான் தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். அயர்லாந்தில் பரம்பரை தேடுகிறவர்களுக்கு இது பழகிய தலையிடியாம். அங்கே கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்களை அரசாங்கம் 1845 ஏப்ரல் முதல் பதிந்தது. கத்தோலிக்கர் உட்பட எல்லோரது திருமணங்களையும், பிறப்பு இறப்புகளையும் பதியத் தொடங்கியது 1864 ஜனவரி முதல்தான். அதற்குப் பிறகும் கோயிலில் பாதிரியார் தன் புத்தகத்தில் எழுதினார், பதிவாளர் தன் புத்தகத்தில் எழுதினார், பதிவாளரின் பிரதி டப்ளினுக்குப் போனது. ஒரே திருமணம் மூன்று கைகளைக் கடந்தது. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் புரளும், ஒரு பெயர் திரியும்.

பிறப்புப் பதிவில் இன்னும் வேடிக்கை. காலம் தாழ்த்திப் பதிந்தால் தண்டப்பணம். அதனால் தாமதமாக வந்த தகப்பன், பிள்ளை அண்மையில் பிறந்தது என்று சொல்லிவிடுவான். கோயில் புத்தகத்தைப் பார்த்தால் ஞானஸ்நானம் அதற்கு முன்பே நடந்திருக்கும். பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம்! அப்படி வந்தால் அங்குள்ளவர்கள் கோயில் புத்தகத்தைத்தான் நம்புவார்களாம். பாதிரியாருக்குப் பொய் எழுத ஒரு தேவையும் இல்லை, தகப்பனுக்குத்தான் தேவை இருந்தது.

1922 ஜூன் 30 இல் டப்ளினில் நடந்த சண்டையில் அரச ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த புரட்டஸ்தாந்துச் சபைப் புத்தகங்களில் பெரும்பகுதி சாம்பல். கத்தோலிக்கப் புத்தகங்கள் அந்தந்த ஊர்க் கோயில்களிலேயே கிடந்ததால் பிழைத்தன. நமக்கு ஆவணத்தைத் தின்றது கடல். 2004 டிசம்பர் 26 காலையில் அறுகம்பேயிலும் உல்லையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் மனிதர்களோடு பெட்டகங்களும் போயின. எங்கள் அப்பா, அதாவது உம்மம்மாவின் மாப்பிள்ளை, காணி உறுதிகளையும் காவின் துண்டையும் போட்டுப் பூட்டிவைத்த தகரப் பெட்டி அதிலே போனது.

"பாதிரியாரின் புத்தகம் மாதிரி நமக்கு ஒண்டும் இல்லையா ராத்தா?" என்று தம்பி கேட்டான்.

இருந்தது. அந்தக் காலத்தில் காவின் எழுதிய லெப்பை தனக்கென்று ஒரு புத்தகம் வைத்திருந்தார். கடுத்தப் புத்தகம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். லெப்பையின் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அவருடைய பூட்டன் ஒருவர், தானும் மௌலவி, அதைக் கிதாபுகளோடு வெள்ளைச் சீலையில் சுற்றி வைத்திருந்தார். பாதிப் பக்கங்களில் செல் அரித்திருந்தது. எழுத்து முழுவதும் அறபுத்தமிழ். அறபு எழுத்திலே தமிழை வாசிப்பது என் தலைமுறையில் அரிதாகிவிட்டது. மௌலவியும் நானும் இரண்டு பின்னேரங்கள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினோம். தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்தவள் தமிழையே எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் மாணவர்கள் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்கள்.

உம்மம்மாவின் பதிவு கிடைத்தது. ஹிஜ்ரி 1366, ரஜப் மாதம், வெள்ளிக்கிழமை இரவு. மாப்பிள்ளையின் பெயர், பெண்ணின் பெயர், வலீயாக உம்மம்மாவின் வாப்பா, இரண்டு சாட்சிகள், மஹர் நூற்றொரு ரூபாய். வலீயின் கையெழுத்தும் இருந்தது.

திகதியின் எண்தான் வில்லங்கம். அறபு எண்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மை ஊறியிருந்தது. மௌலவி 22 என்றார், நான் 23 என்றேன்.

ஹிஜ்ரியை ஆங்கிலத் திகதியாக மாற்றும் அட்டவணைகள் உண்டு. அதன்படி 1366 ரஜப் 1 என்பது 1947 மே 21. அட்டவணையை நம்பினால் ரஜப் 22 ஜூன் 11 புதன்கிழமை, ரஜப் 23 ஜூன் 12 வியாழக்கிழமை. இரண்டுமே வெள்ளி அல்ல. ஆனால் அட்டவணை கணக்கைப் பார்த்து ஓடுவது, நமது மாதம் பிறையைப் பார்த்துப் பிறப்பது. பிறை ஒரு நாள் பிந்துவது சகஜம். இரண்டு நாள் பிந்துவதற்கு இடமில்லை. ரஜப் 22 வெள்ளியாக இருக்க வேண்டுமென்றால் பிறை இரண்டு நாள் பிந்தியிருக்க வேண்டும். ரஜப் 23 வெள்ளியாக ஒரு நாள் போதும். ஆகவே எண் 23 தான், அந்த வெள்ளி 1947 ஜூன் 13 தான். இப்படிப்பட்ட இடங்களில் எண்ணை விடக் கிழமை நல்ல சாட்சி. எண்ணைப் பிறையும் மாற்றும், மையும் மாற்றும். கிழமையைப் பிழையாக எழுதுவது, அதுவும் ஜும்ஆ நடத்துகிற ஊர் லெப்பை பிழையாக எழுதுவது, நடக்கிற காரியமல்ல.

தம்பி உடனே மரத்தில் 'ஜூன் 13 இரவு' என்று போட்டுவிட்டான். அதுவும் பிழை. நமக்கு நாள் மஃரிபோடு தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு என்று நம் மூத்தவர்கள் சொல்வது, மற்றவர்கள் வியாழக்கிழமை இரவு என்று சொல்வதை. யாஸீன் ஓதுவதும் மௌலூது வைப்பதும் எந்த இரவில் என்று கேட்டால் இன்றைக்கும் நம் வீடுகளில் பதில் வரும். ஆனால் பாடசாலையிலும் கந்தோரிலும் பழகிய நாக்கு இப்போது வெள்ளி இரவென்றால் வெள்ளி பகல் கழிந்த இரவைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பழைய கடிதங்களையும் கந்தூரிக் கணக்குகளையும் வாசிக்கும் நமது ஆய்வாளர்கள் இந்த ஒரு நாளில் தடுக்கி விழுவதை நான் அச்சிலேயே பார்த்திருக்கிறேன். உம்மம்மாவின் காவின் நடந்தது 1947 ஜூன் 12 வியாழன், மஃரிபுக்குப் பிறகு.

கச்சான் காற்று வீசும் மாதம்தான் அது. அந்த வருடத்து நோன்புப் பெருநாள் ஓகஸ்ட் நடுப்பகுதி கழிய வந்தது. பெருநாளைக்குப் பிறகு கல்யாணம், மே மாதத்தில் தலைப்பிள்ளை. உம்மம்மா திகதி இல்லாமல் சொன்னது அத்தனையும் சரி.

அப்படியானால் மார்ச் 11? லெப்பையின் புத்தகத்தை நான் நம்பினேன், ஆனால் தம்பி நம்பவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. "லெப்பை பிறகு ஒரு நாளில இத எழுதியிருக்கலாமே ராத்தா? குடும்ப மானத்தக் காப்பாத்த ரஜப் எண்டு போட்டிருக்கலாமே?" அரசாங்கப் பிரதியில் அவன் இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தான். அதில் வலீ உம்மம்மாவின் வாப்பா அல்ல, அவருடைய மூத்த காக்கா. "வலீயே மாறினால் அது வேற நிக்காஹ்தானே?"

சாட்சிகள் இரண்டு பதிவிலும் ஒரே ஆட்கள். மஹரும் அதே நூற்றொரு ரூபாய். வலீ மட்டும்தான் மாறியிருந்தார். அதற்குப் பதில் மூன்றாவது ஒரு பத்திரத்தில் இருந்தது. உம்மம்மாவின் வாப்பாவுடைய மரண அத்தாட்சிப் பத்திரம்: 1948 ஜனவரி 3.

மார்ச்சில் பதிவாளருக்கு முன்னால் நிற்க அவர் உயிரோடு இல்லை, மகன் நின்றார். ஆனால் லெப்பையின் புத்தகத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. ஜனவரி 3 க்குப் பிறகு அந்தக் கையெழுத்தை யார் போட முடியும்? காவின் எவ்வளவு பிந்தி நடந்தாலும் அதற்கு முன்பு நடந்திருக்க வேண்டும். தம்பிக்குச் சந்தேகம் தந்த அந்த முரண்பாடே வழக்கைத் தீர்த்துவிட்டது. இரண்டு பதிவிலும் வலீ ஒருவராகவே இருந்திருந்தால் என்னால் எதையும் நிரூபித்திருக்க முடியாது.

ஏன் பிந்திப் பதிந்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரமில்லை, என் ஊகத்தைச் சொல்கிறேன். இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றார் விவாகஞ் செய்தவர்களா என்று அக்காலத்தில் ஒரு கூடு இருந்தது. அதற்கு 'ஆம்' எழுத வேண்டுமென்றால் கையில் ஒரு துண்டு வேண்டியிருந்தது. மே மாதத்தில் பிள்ளை வரப்போகிறது. வாப்பா மௌத்தாகி வீடு குழம்பிக் கிடந்தது, அந்தக் குழப்பம் அடங்கியதும் ஆண்கள் இருவரும் பதிவாளரைத் தேடிப் போயிருக்கிறார்கள். அவர் தன் முன்னால் அவர்கள் வந்து நின்ற நாளையே விவாக நாளாகப் போட்டுவிட்டார். ஒன்பது மாதம் பிந்தியதை எழுதி வம்பில் மாட்ட இரு தரப்புக்கும் விருப்பம் இருந்திராது. நாளைக்குத் தன் பிள்ளைக்கு ஒரு குறை வரக்கூடாது என்றுதான் அப்பா போயிருக்கிறார். அந்தப் பிள்ளையின் மகனுக்கே அது குறையாகத் தெரிந்தது.

உம்மம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கச்சான் காற்று என்றாவது சொல்லியிருப்பார். லெப்பையின் புத்தகத்திலும் சரி, அரசாங்கப் புத்தகத்திலும் சரி, எங்கும் அவருடைய கையெழுத்து இல்லை. பின்னர் வந்த 1951 சட்டமும் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. அது வேறு விவாதம், அதை இங்கே இழுக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மானம் முழுக்க முழுக்க ஆண்கள் எழுதிய இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் அகப்பட்டு நின்றதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கே இப்படியொரு வில்லங்கத்தில்தான் பிறந்தது என்பார்கள். கலீபா உமர் (ரழி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் வந்ததாம், தவணை ஷஃபான் என்று மட்டும் இருந்ததாம். எந்த ஷஃபான், போன ஷஃபானா வருகிற ஷஃபானா என்று கேட்டார்களாம். அதன் பிறகே ஆண்டுக்கு எண் கொடுக்கும் யோசனை வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். திகதி எழுதுவதை இலேசாக எடுத்த சமூகம் அல்ல நாம். இன்றைக்கு நமது பள்ளிவாசல்களின் அலுமாரிகளிலும் லெப்பைமாரின் பேரப்பிள்ளைகள் வீடுகளிலும் இந்தக் கடுத்தப் புத்தகங்கள் எத்தனை கிடக்கின்றனவோ, செல்லுக்குத்தான் தெரியும். நான் பார்த்த புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மௌலவியின் அனுமதியோடு கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பின்னேரம்கூடத் தேவைப்படவில்லை. படம் எடுக்கும்போது கவனித்தேன், 1940களின் பல பதிவுகளில் வியாழன் என்ற சொல்லே காணோம். ஊரிலே காவின் நடந்ததெல்லாம் வெள்ளி இரவிலும் திங்கள் இரவிலும்தான்.

தம்பியின் கணினி மரத்தில் விவாகத்துக்கு ஒரு திகதிக்குத்தான் இடம் இருக்கிறதாம். ஜூன் 12 ஐப் போட்டு, மார்ச் 11 ஐக் குறிப்பாக எழுதச் சொன்னேன், காரணத்தையும் சேர்த்து. மார்ச்சை அழித்துவிடவா என்று கேட்டான். அழிக்கக் கூடாது என்றேன். நாளைக்கு வேறு யாராவது கந்தோரில் அந்தப் பிரதியை எடுப்பார்கள், திரும்பவும் ஒரு மாதம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பெரியும்மாவிடம் போய்ச் சொன்னேன். மார்ச் மாதத்தையும் மறைக்காமல்தான் சொன்னேன். தஸ்பீஹை உருட்டிக்கொண்டே கேட்டார். தன்னைப் பற்றி இப்படியொரு சந்தேகம் வந்து போனதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. மூத்த மாமா பதிவுக்குப் போன கதை அவருக்கு முன்பே தெரியுமாம். நாங்கள்தான் கேட்கவில்லை.

"அப்ப என்ன நாளெண்டு எழுதியிரிக்காய்?"

"1947 ஜூன் 12, வியாழக்கிழமை, பெரியும்மா."

தஸ்பீஹ் நின்றது.

"வியாழன் எண்டு எழுதாத மகள். எங்கட உம்மாக்குக் காவின் எழுதினது வெள்ளிக்கிழம ராவு."